கொலஸ்ட்ரால் மாத்திரை: யாருக்கு எவ்வளவு நன்மை, யாருக்கு எவ்வளவு ஆபத்து?

கார்முகில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இருவருமே இப்போது அதைச் சாப்பிடவில்லை. என் அண்ணனுக்கு வயது 61. அவருக்கு 59ஆவது வயதில் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து அடோர்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தவர், தொடையிலும் தோள்பட்டையிலும் வலி பொறுக்க முடியவில்லை என்று சொல்லி, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே சென்ற மாதம் நிறுத்திவிட்டார்.

நான் 52 வயதுப் பெண். இதய நோயோ சர்க்கரை நோயோ இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. ரத்த அழுத்தம் 126/80 அளவில் இருக்கிறது. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 148 என்று வந்ததும் ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பரிசோதனைத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த நட்சத்திரக் குறியைத் தவிர வேறு விளக்கம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த மாத்திரை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஒரு சாராரும், அது தசையையும் கல்லீரலையும் நினைவாற்றலையும் கெடுத்துவிடும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். என்னைப் போன்ற ஒருத்திக்கு இதனால் எவ்வளவு நன்மை, எவ்வளவு தீமை என்பதை எண்களோடு புரிந்துகொள்ள விரும்புகிறேன். அண்ணன் நிறுத்தியது சரிதானா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெய்தல் (ஓய்வுபெற்ற பொது மருத்துவர்)

சகோதரி, உங்கள் கேள்வி அவசரமில்லாதது, அண்ணனுடையது அவசரமானது. இந்த வாரமே அவரை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிக்கு வழி செய்யலாம். ஆனால் ஒருமுறை மாரடைப்பு வந்தவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து எதுவுமே இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பது நல்லதல்ல. ஸ்டென்ட் என்பது ஒரு குழாயில், ஓர் இடத்தில் இருந்த அடைப்பைத் திறந்து வைத்திருக்கும் வலை மட்டுமே. மற்றக் குழாய்ச் சுவர்களில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டுகளை அது ஒன்றும் செய்யாது. அவற்றில் ஒன்று கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மறுபடியும் மாரடைப்புதான்.

அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மருந்துகளின்மீது மருத்துவ உலகுக்கு உறுதியான நம்பிக்கை வந்தது 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வால்தான். அதில் சேர்ந்த 4,444 பேரும் ஏற்கெனவே மாரடைப்பையோ இதயம் சார்ந்த நெஞ்சுவலியையோ கண்டவர்கள். பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாடினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, ஐந்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் கவனித்தார்கள். போலி மாத்திரை பெற்ற பிரிவில் 256 பேர் இறந்தார்கள். மருந்து பெற்ற பிரிவில் 182 பேர். எந்தக் காரணத்தால் நேர்ந்த மரணமானாலும் கணக்கில் சேர்த்த எண்கள் இவை.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வலி எப்போது தொடங்கியது, அது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, அந்தச் சமயத்தில் வேறு ஏதேனும் மருந்து புதிதாகச் சேர்ந்ததா? சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதோ, நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தசை பலவீனமோ இருந்தால் வார இறுதி வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

தும்பை

மருத்துவர் ஐயா சொன்ன ஆய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 256, 182 என்ற எண்கள் பொதுமக்களிடம் வந்து சேரும்போது 'மரணம் 30 சதவீதம் குறைந்தது' என்று மாறிவிடுகின்றன. 100 பேரில் 12 பேர் இறந்த இடத்தில் 8 பேர் இறந்தார்கள் என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் வேறு படம் எழும். மருந்தின் நன்மையைச் சதவீத வீழ்ச்சியாகவும், தீமையைப் 'பத்தாயிரத்தில் ஒருவர்' என்றும் இரண்டு அளவுகோல்களால் அளந்து காட்டுவது நியாயமல்ல என்பது என் முதல் கருத்து.

இரண்டாவது, பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைக் குறைத்துவிட்டால் ஆயுள் கூடிவிடும் என்ற நம்பிக்கை பலமுறை பொய்த்திருக்கிறது. குளோஃபைப்ரேட் என்ற பழைய மருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தது, மரணமில்லாத மாரடைப்புகளையும் குறைத்தது. ஆனால் 1978இல் வெளிவந்த உலக சுகாதார அமைப்பின் ஆய்வில் மருந்து எடுத்தவர்களிடையே மொத்த மரணங்கள் கூடுதலாக இருந்தன. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்லை வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப், கூடுதல் மரணங்கள் தெரியவந்ததால் 2006இல் பாதியில் கைவிடப்பட்டது. ஸ்டாடின் வகையிலேயே செரிவாஸ்டாடின், தசைச் சிதைவால் ஏற்பட்ட உயிரிழப்புகளுக்குப் பிறகு 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவையும் பார்த்த பிறகு, நோயே இல்லாத 52 வயதுப் பெண்மணிக்கு ஓர் எண்ணை மட்டும் பார்த்து ஆயுள் முழுவதற்கும் மாத்திரை எழுதுவதைக் கேள்வி கேட்பது குற்றமாகாது.

பொன்னூசல்

நான் புள்ளியியல் கற்பிப்பவள், மருத்துவர் அல்ல. தும்பை அவர்களின் முதல் கருத்தை முழுமையாக ஏற்கிறேன், அதைக் கொண்டே கார்முகிலின் கேள்விக்கு விடை தேட முடியும் என்றும் நினைக்கிறேன்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியவர்கள் கண்ட பொதுவான விகிதம் ஒன்று உண்டு. எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராம் குறைந்தால், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை ஆகியவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, அதாவது 22 சதவீதம் அளவுக்குக் குறைகின்றன. ஆபத்து அதிகமுள்ளவருக்கும் குறைவாக உள்ளவருக்கும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அந்த விகிதம் எதன்மேல் செயல்படுகிறது என்பதுதான்.

அண்ணனைப் போன்ற 100 பேரை எடுத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் அவர்களில் 30 பேருக்கு மறுபடியும் இப்படி ஏதாவது நேரும் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். எல்.டி.எல். 78 மில்லிகிராம் குறைந்தால் அந்த 30, ஏறத்தாழ 18 ஆகும். 12 பேர் தப்புகிறார்கள். அதாவது 8 பேர் பத்தாண்டு மாத்திரை சாப்பிட்டால் ஒருவர் தப்புகிறார். இப்போது கார்முகிலைப் போன்ற 100 பேர். அவர்களில் பத்தாண்டில் 4 பேருக்கு ஏதாவது நேரும் என்று கொள்வோம். ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்லை ஏறத்தாழ 45 சதவீதம் குறைக்கும். 148 என்பது 80ஐ ஒட்டி வரும். அந்த வீழ்ச்சிக்கு 4 என்பது 2.6 ஆகிறது. ஒருவர் தப்புவதற்கு ஏறத்தாழ 70 பேர் பத்தாண்டு மாத்திரை சாப்பிட வேண்டும்.

மாத்திரையும் அது தரும் விகிதமும் ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் கிடைக்கும் நன்மை ஒன்பது மடங்கு வேறுபடுகிறது. எனவே 'ஸ்டாடின் நல்லதா, கெட்டதா' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. இந்த மனிதருக்கு ஏற்கெனவே இருக்கும் ஆபத்து எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதை ஓர் எல்.டி.எல். எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

இடையில் இருப்பவர்களுக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் நடந்து 1995இல் வெளியான ஆய்வு, மாரடைப்பு வந்திராத, ஆனால் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த 6,595 நடுத்தர வயது ஆண்களைக் கொண்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதய மரணமோ 7.9 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாகக் குறைந்தது. 42 பேருக்கு ஒருவர். அவர்கள் எல்லாரும் ஆண்கள், பலர் புகைப்பவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெய்தல்

பொன்னூசல் போட்ட கணக்கை மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும்போது சீட்டு எழுதுவது எளிதாகவும் விளக்குவது கடினமாகவும் ஆகிவிடுகிறது.

தும்பை அவர்களின் இரண்டாவது கருத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எண்ணைக் குறைப்பது எப்போதும் உயிரைக் காப்பதில்லை என்பது உண்மை. குளோஃபைப்ரேட்டும் டார்செட்ராபிப்பும் அதைக் காட்டின. ஆனால் எல்.டி.எல்லுக்கு எதிரான சாட்சியம் ஒரு மருந்திலிருந்து வரவில்லை. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகள் பிறவியிலேயே இரு பெற்றோர் வழியாகவும் பழுதான குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வருவதுண்டு. அவர்களுக்குப் புகையும் இல்லை, சர்க்கரையும் இல்லை, எல்.டி.எல். ஒன்றுதான் மிகுதி. நேர்மாறாக, பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்து, பிறந்ததிலிருந்தே எல்.டி.எல். குறைவாக இருப்பவர்களுக்கு இதய நோய் மிக அரிதாகவே வருகிறது.

ஸ்டாடின் கல்லீரலுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிப்பை மட்டுப்படுத்துகிறது. பற்றாக்குறையை உணரும் கல்லீரல் தன் ஏற்பிகளைப் பெருக்கி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது. எசடிமைப் என்ற மருந்து குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது; பி.சி.எஸ்.கே.9 ஊசிகள் ஏற்பிகள் அழியாமல் காக்கின்றன. வழிகள் மூன்றும் வேறு வேறு. ஆனால் எல்.டி.எல். எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு மாரடைப்பும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எச்.டி.எல்லுக்கு இப்படிப்பட்ட சாட்சியம் கிடைக்கவில்லை என்பதால்தான் அதை உயர்த்தும் மருந்துகள் இன்று பேச்சில் இல்லை.

கார்முகில்

இருவருக்கும் மிக்க நன்றி. அண்ணனிடம் பேசிவிட்டேன். முதல் ஒன்றரை ஆண்டு அவருக்கு வலியே இல்லையாம். பிறகு ரத்த அழுத்தத்துக்காகவும் அவ்வப்போது வந்த நெஞ்சு இறுக்கத்துக்காகவும் டில்டியாசெம் என்ற மாத்திரையைச் சேர்த்திருக்கிறார்கள்; அதன் பின் சில வாரங்களில் இரண்டு தொடைகளிலும் வலி தொடங்கியிருக்கிறது. அதைச் சேர்த்தது வேறொரு மருத்துவர். சிறுநீர் நிறம் மாறவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் சிரமப்படுகிறார்.

இளம்பரிதி (மருந்தாளுநர்)

இது முக்கியமான தகவல். அடோர்வாஸ்டாடினைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியையே டில்டியாசெம் தடுக்கிறது. அதனால் விழுங்கும் அளவு மாறாவிட்டாலும் ரத்தத்தில் தங்கும் அளவு கூடிவிடுகிறது. தசைத் தொல்லை பெரும்பாலும் அளவைச் சார்ந்தது என்பதால், 80 மில்லிகிராம் என்ற உச்ச அளவில் இருப்பவருக்கு இந்தக் கூடுதல் பாரமாகலாம். வலிக்கு இதுவே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மருத்துவர்களுடைய சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரோசுவாஸ்டாடினும் பிராவாஸ்டாடினும் அந்த நொதியை நம்பியிருப்பவை அல்ல என்பதால், மாற்று மருந்து என்று வரும்போது மருத்துவர்கள் அவற்றை எண்ணிப் பார்ப்பதுண்டு.

கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளும் இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் இதே தடையை இன்னும் வலுவாகச் செய்கின்றன. சில நாள் சிகிச்சை என்றால், அந்த நாட்களில் ஸ்டாடினை நிறுத்திவைக்கலாமா என்று எழுதிக் கொடுப்பவரிடமே கேட்டுவிடுவது நல்லது. கிரேப்ஃப்ரூட் சாறு அதிகம் குடிப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அகவன்

எனக்கும் மாரடைப்பு வந்திருக்கிறது; எனக்கும் ஸ்டாடினால் கெண்டைக்கால் வலித்தது. 'உங்கள் கற்பனை' என்று முதலில் பார்த்த மருத்துவர் சொன்னபோது எனக்கு மாத்திரையின்மேல் இருந்த கோபத்தைவிட அந்தச் சொல்லின்மேல் வந்த கோபம் பெரிது. அடுத்து நான் போனவர் அப்படிச் சொல்லவில்லை. சில வாரங்கள் நிறுத்தச் சொன்னார், வலி நின்றது. மீண்டும் அதே மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கினார், திரும்ப வந்தது. பிறகு வேறொரு ஸ்டாடினைக் குறைந்த அளவில் கொடுத்து, எசடிமைப்பைச் சேர்த்தார். இப்போது வலி இல்லை, எல்.டி.எல்லும் 60க்குக் கீழே நிற்கிறது. நிறுத்துவதற்கும் விழுங்கிச் சகித்துக்கொள்வதற்கும் நடுவில் இத்தனை படிகள் இருக்கின்றன என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கார்முகிலின் அண்ணனுக்காகவே இதை எழுதுகிறேன்.

தும்பை

அகவன் அவர்களின் அனுபவம் நான் சொல்ல நினைத்ததையே சொல்கிறது. பெரிய ஆய்வுகளில் தசைவலி இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்பார்கள். ஆனால் 20,536 பேரைக் கொண்ட பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு போன்றவற்றில், முக்கிய ஆய்வு தொடங்குமுன்னே எல்லாருக்கும் சில வாரங்கள் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, தொடர முடியாதவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வலி தாங்காதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே யாருக்கும் வலி இல்லை என்று எண்ணுவது எப்படிச் சரியாகும்?

நெய்தல்

நியாயமான கேள்வி. அதற்குச் சரியான விடை, வெளியே அனுப்பப்பட்டவர்களையே தேடிப் பிடித்து ஆராய்வதுதான். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள், 2020இல் வெளியிட்டார்கள். ஸ்டாடின் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் தொல்லை வந்து நிறுத்திய 60 பேரைச் சேர்த்து, ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள் கொடுத்தார்கள். நான்கில் அடோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம், நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. ஒவ்வொரு மாதமும் ஒரு புட்டி. எந்த மாதம் எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஒவ்வொரு நாளும் தொல்லைக்கு 100க்கு எவ்வளவு என்று அவர்களே கைப்பேசியில் மதிப்பெண் போட வேண்டும்.

காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16.3, போலி மாத்திரை மாதங்களில் 15.4. அதாவது மாத்திரை விழுங்கியதால் வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு, மருந்தே இல்லாத மாத்திரையாலும் வந்தது. இதைக் 'கற்பனை' என்று மொழிபெயர்ப்பதுதான் அகவனைப் புண்படுத்திய தவறு. அவர்கள் பட்ட வலி நிஜமான வலி. போலி மாத்திரை மாதத்திலும் நிஜமாகவே வலித்தது. எதிர்பார்ப்பும் அச்சமும் உடம்பில் வலியை உண்டாக்க வல்லவை. ஆய்வு முடிவைத் தங்கள் சொந்த மதிப்பெண்களிலேயே கண்ட பிறகு, அந்த 60 பேரில் 30 பேர் மறுபடியும் ஸ்டாடின் எடுக்கத் தொடங்கினார்கள் என்பதுதான் என்னை மிகவும் தொட்ட செய்தி.

மருந்தாலேயே வரும் வலியும் இருக்கிறது. 2022இல் வெளியான பெரும் தொகுப்பாய்வில் ஸ்டாடின் பிரிவில் 27.1 சதவீதத்தினரும் போலி மாத்திரைப் பிரிவில் 26.6 சதவீதத்தினரும் தசைத் தொல்லை சொன்னார்கள். கூடுதல் பாதிப்பு பெரும்பாலும் முதல் ஆண்டில் தெரிகிறது; ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 11 பேர். அகவன் அந்தப் பதினொருவரில் ஒருவராக இருக்கலாம். நிறுத்தி, தொடங்கி, மாற்றிப் பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது. உண்மையான தசைச் சிதைவு இதைவிட மிக அரிது: 10,000 பேர் ஐந்தாண்டு எடுத்தால் தீவிர தசை நோய் ஏறத்தாழ ஐந்து பேருக்கு.

கார்முகில்

சர்க்கரை நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் என் எச்.பி.ஏ.1.சி. 5.9 இருக்கிறது. இந்த மாத்திரையால் சர்க்கரை வரும் என்று படித்ததுதான் என் தயக்கத்துக்கு முக்கியக் காரணம்.

பொன்னூசல்

வருவது உண்மை, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் மருந்துக் குறிப்பிலேயே அதைச் சேர்க்கச் செய்தது. 2010இல் பதின்மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 255 பேர் நான்காண்டு ஸ்டாடின் எடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. அது ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நிற்பவர்களிடம்தான் பெரும்பாலும் நேர்கிறது. உயர்ந்த அளவு எடுப்பவர்களிடம் சற்று அதிகம். 5.9 என்பது அந்த எல்லைக்கோட்டுக்குள்தான் வருகிறது. ஆகவே உங்கள் கவலை அடிப்படையற்றது அல்ல. உங்கள் அண்ணனுக்கு இது ஒரு காரணமாகவே நிற்காது. எட்டுப் பேரில் ஒருவரைக் காக்கும் நன்மைக்கு எதிரே அது மிகச் சிறிது. உங்களுக்கு நன்மையே எழுபதில் ஒன்று என்பதால், எதிர்த்தட்டில் இருப்பதையும் எடைபோட உங்களுக்கு உரிமை உண்டு.

வெண்காந்தள்

சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை என்று ஒன்று விற்கிறார்களே, அது இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது என்கிறார்கள். கார்முகில் அதை முயன்று பார்க்கலாமே?

இளம்பரிதி

அதில் வேலை செய்யும் பொருள் மோனகோலின் கே. அது லோவாஸ்டாடினேதான், வேதியியல் அமைப்பில் இரண்டும் ஒன்று. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாடின் அது. எனவே லோவாஸ்டாடினுக்குரிய பக்கவிளைவுகள் எல்லாம் இதற்கும் உண்டு, ஆனால் ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. சிலவற்றில் சிட்ரினின் என்ற, சிறுநீரகத்துக்குக் கேடு செய்யும் பூஞ்சை நஞ்சும் கலந்திருக்கக் கண்டார்கள். ஸ்டாடினே பூஞ்சையிலிருந்து கிடைத்ததுதான்: ஜப்பானின் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான நுண்ணுயிரிகளைச் சலித்து, 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் முதல் ஸ்டாடினைக் கண்டுபிடித்தார். இயற்கையிலிருந்து வந்ததா என்பதைவிட, அளவு தெரியுமா, சுத்தமானதா என்ற கேள்விகளே பயன் தருபவை.

மணிநிலா

என் தாயாருக்கு 82 வயது. பல ஆண்டுகளாக ஸ்டாடின் எடுத்துவருகிறார். இதய நோய் எதுவும் இல்லை. இனியும் தொடர வேண்டுமா? மறதி வருகிறது என்பதால் கேட்கிறேன்.

நெய்தல்

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால், மருந்து ஒத்துக்கொள்ளும்வரை வயதைக் காரணம் காட்டி நிறுத்த மாட்டேன். எதுவும் வராமல் 75ஐத் தாண்டியவர்களின் நிலைதான் தெளிவில்லாதது. ஆஸ்திரேலியாவின் ஸ்டாரீ, அமெரிக்காவின் பிரிவென்டபிள் ஆகிய ஆய்வுகள் தொடங்கப்பட்டதே இந்த வயதினருக்கு விடை தேடத்தான். ஆயுள் குறுகிவிட்ட தீவிர நோயாளிகளிடம் ஸ்டாடினை நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வந்தது. நிறுத்தியதால் மரணம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டது. மறதியைப் பொறுத்தவரை, 70 முதல் 82 வயதினரைக் கொண்டு பிராவாஸ்டாடினை ஆராய்ந்த 2002ஆம் ஆண்டு ஆய்வில் நினைவாற்றலில் வேறுபாடு தெரியவில்லை. தாயாரின் மறதிக்குத் தைராய்டு, வைட்டமின் பி12, தூக்க மாத்திரைகள் போன்ற காரணங்களை முதலில் தேடச் சொல்லுங்கள். அவர் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை விழுங்குகிறார், எது அவருக்கு முக்கியம் என்று அவரிடமே கேட்டு முடிவெடுப்பது முறை.

கார்முகில்

அண்ணனை இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு சீட்டுகளையும் பார்த்தவர், டில்டியாசெம் சேர்ந்தது தனக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றார். கிரியேட்டின் கைனேஸ் இயல்பான அளவில்தான் இருக்கிறது. தைராய்டுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரோசுவாஸ்டாடின் 10 மில்லிகிராமும் எசடிமைப்பும் தொடங்கி, ஆறு வாரத்தில் எல்.டி.எல்லைப் பார்க்கிறார்கள். ஸ்டாடினை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் ஆறு சதவீதம் அளவுக்கே குறையும், எசடிமைப் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாகக் குறையும் என்று அவர் விளக்கியபோது அண்ணன் முகத்தில் தெளிவு வந்தது. போதாவிட்டால் பெம்பெடோயிக் அமிலம், ஊசி என்று வேறு வழிகளும் இருக்கின்றன என்றார்.

இனி என் விஷயம். அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது என் ஆபத்தைக் கூட்டாதா? நான் உடனே மாத்திரையைத் தொடங்காமல் முதலில் வேறு ஏதேனும் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

தும்பை

அண்ணனுக்கு வழி பிறந்தது பற்றி மனமார மகிழ்கிறேன். ஸ்டென்ட் வைத்தவர் மருந்தை விட்டுவிட வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கார்முகிலின் கேள்விக்குத்தான் என் கவலை முழுவதும்.

நெய்தல்

ஆண் உடன்பிறந்தவருக்கு 55 வயதுக்கு முன்பும், பெண் உடன்பிறந்தவருக்கு 65 வயதுக்கு முன்பும் வந்த மாரடைப்பைத்தான் வலுவான குடும்ப வரலாறாக எடுத்துக்கொள்வோம். அண்ணனுக்கு 59 என்பதால் அது அந்த எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது. முற்றிலும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். உங்கள் எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் பரம்பரை மிகைக் கொலஸ்ட்ராலைச் சந்தேகித்து, எந்தக் கணக்கும் போடாமல் மருந்து தொடங்கச் சொல்லியிருப்பேன். 148 அப்படிப்பட்ட எண் அல்ல.

இரண்டு பரிசோதனைகள் உங்களுக்கு உதவும். ஒன்று, லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, எல்.டி.எல்லைப் போன்ற கொழுப்புத் துகளை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். மிக அதிகமாக இருந்தால் உங்கள் ஆபத்து கணக்கு காட்டுவதைவிடக் கூடுதல் என்று பொருள். மற்றொன்று, இதயத் தமனிகளின் கால்சியம் ஸ்கோர். மருந்து எதுவும் செலுத்தாமல் எடுக்கும் எளிய சி.டி. ஸ்கேன் அது, சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. குழாய்ச் சுவரில் சுண்ணம் படிந்திருந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று அறிந்து மாத்திரையைத் தயங்காமல் எடுக்கலாம். அண்ணனின் வரலாறு எனக்கு இங்கேதான் பயன்படுகிறது: அது இல்லாவிட்டால் உங்கள் வயதில் இந்த ஸ்கேனைப் பரிந்துரைக்க யோசித்திருப்பேன்.

கார்முகில்

ஸ்கோர் பூஜ்யம் என்று வந்தால் மாத்திரையே வேண்டாமா? எவ்வளவு காலத்துக்கு?

நெய்தல்

புகைக்காத, சர்க்கரை நோய் இல்லாத ஒருவருக்குப் பூஜ்யம் வந்தால் மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஏற்கத்தக்க முடிவு. சுண்ணம் ஏறாத மென்மையான திட்டுகளை அந்த ஸ்கேன் காட்டாது என்பதால் அது முழு உத்தரவாதம் அல்ல. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லத் தக்க வலுவான சான்று அது. ஐந்தாண்டு அளவில் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ரத்த அழுத்தத்தையும் எச்.பி.ஏ.1.சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 5.9 என்பது சர்க்கரை நோயின் எல்லையான 6.5ஐத் தொட்டுவிட்டால் ஐந்தாண்டுக் காத்திருப்பு பொருந்தாது. மாத்திரையால் சர்க்கரை வருமே என்ற அச்சத்துக்கும் அதன் பிறகு இடமில்லை. அன்றே மருத்துவரிடம் போய் இந்தக் கணக்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.